மடத்து முற்றத்தில் பிறந்த பந்து

டென்னிஸ் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழுவது பச்சைப் புல்தரையும் வெண்ணிற உடையும் விம்பிள்டன் அரங்கும்தான். சென்னையைச் சேர்ந்தோர்க்கு இராமநாதன் கிருஷ்ணனும் அமிர்தராஜ் சகோதரர்களும் நினைவுக்கு வருவர். ஆனால் அந்தப் புல்தரை ஆட்டத்திற்கு வயது சுமார் நூற்றைம்பதுதான். வால்டர் விங்பீல்டு என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1874-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் ஆடப்பட்டு வந்த மூத்த ஆட்டம் ஒன்று உண்டு. தம்பி உலகப் புகழ் பெற்றபின், யாக்கோபிடம் தலைப்பேறு உரிமையை இழந்த ஏசாவைப் போல, அண்ணன் தன் பெயரையே இழந்து நின்றான். தன்னை வேறுபடுத்திக் காட்ட 'ரியல் டென்னிஸ்', அதாவது 'உண்மையான டென்னிஸ்' என்று ஓர் அடைமொழியைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிரெஞ்சுக்காரர் இன்றும் இதனை 'உள்ளங்கை ஆட்டம்' என்றே அழைக்கின்றனர். மட்டை தோன்றுவதற்கு முன் பந்தைக் கையால் அடித்து ஆடிய காலத்தின் நினைவு அப்பெயரில் தங்கிவிட்டது.

இந்த ஆட்டத்தை இன்று நான்கே நாடுகளில் காணலாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து உள்ளிட்ட பிரித்தானியாவில் பெரும்பகுதியும், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பிரான்சிலும் எஞ்சியவையுமாக, உலகெங்கும் உள்ள ஆட்டக்கூடங்கள் ஐம்பதை ஒட்டியவையே. இங்கிலாந்தில் வெந்நீர், மருந்துநீர் என்று மக்கள் குளிக்கச் சென்ற லெமிங்டன் நகரில் 1846-இல் தொடங்கப்பட்ட கழகம், இவ்வாட்டக் கழகங்களுள் மூத்தது. இத்தகைய கழகம் ஒன்றில் ஓராண்டு எப்படிக் கழிகிறது, அந்த ஓராண்டுக்குள் எத்தனை நூற்றாண்டுகள் ஒளிந்திருக்கின்றன என்பதையே இக்கட்டுரையில் காண விழைகிறோம். பந்தாட்டத்திற்கும் திருச்சபைக்கும் என்ன உறவு என்று வியக்கும் வாசகர் சற்றே பொறுத்தருள்க.

முதலில் ஆட்டக்கூடத்தை மனத்தில் வரைந்துகொள்வோம். நீளம் ஏறத்தாழ 110 அடி, அகலம் 39 அடி. நான்கு புறமும் உயர்ந்த கற்சுவர். அவற்றுள் மூன்று சுவர்களை ஒட்டி, நம் ஊர்த் தாழ்வாரத்தைப் போலச் சாய்வான கூரை ஒன்று ஓடுகிறது. கூரையின்கீழ்ச் சன்னல்களைப் போன்ற திறப்புகள். நான்காம் சுவரில் திடீரென்று ஒரு முட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பட்ட பந்து யாரும் எதிர்பாராத திசையில் திரும்பும். மூலை ஒன்றில் சதுரமான சிறு பலகணி. நடுவே தொங்கும் வலை ஓரங்களில் ஐந்தடியும் நடுவில் மூன்றடியுமாக வளைந்து கிடக்கும். ஆட்டத்தைத் தொடங்குபவர் பந்தைச் சாய்கூரையின் மேல் உருளவிட வேண்டும். அது உருண்டு எதிராளியின் பக்கம் விழும்போதே ஆட்டம் உயிர் பெறுகிறது. கூரை, சுவர், சன்னல் யாவும் ஆட்டத்தின் உறுப்புகளே. இப்படி ஒரு கோணலான கட்டடத்தை யாராவது விளையாட்டிற்கென்று திட்டமிட்டுக் கட்டியிருப்பார்களா?

கட்டியிருக்க மாட்டார்கள் என்பதே வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. பழைய துறவுமடம் ஒன்றின் உள்முற்றத்தை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் சாய்கூரையிட்ட நடைவழி, தூண்களுக்கிடையே திறப்புகள், சுவரில் பலகணி. அந்த முற்றமே இந்த ஆட்டக்கூடத்தின் தாய் என்பர். பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் வட பிரான்சின் மடங்களிலும் பேராலயங்களிலும் வாழ்ந்த துறவியரும் மாணவரும் ஓய்வு நேரத்தில் பந்தை அந்தக் கூரைமேல் எறிந்து ஆடத் தொடங்கினர். வீரர் ஒருவர் வாயிலைக் காக்க மற்றவர் தாக்கும் போர் விளையாட்டை, வாளேந்த இயலாத மடத்து இளைஞர்கள் பந்தைக் கொண்டு நடித்துப் பார்த்தனர் என்று ஜெர்மானிய அறிஞர் ஹைனர் கில்மைஸ்டர் விளக்குகிறார்.

இவ்வாட்டத்தைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ஒரு நரகக் கதை என்பது வேடிக்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைஸ்டர்பாக் மடத்துத் துறவி செசாரியுஸ் அதனை எழுதி வைத்தார். பாரிசில் பயின்ற மந்தபுத்தி மாணவன் ஒருவனுக்கு அலகை ஒரு கல்லைக் கொடுத்து, அதனைக் கையில் பற்றியிருக்கும்வரை எல்லாம் அறிவாய் என்கிறது. மாணவன் பாவசங்கீர்த்தனம் செய்து கல்லை எறிந்துவிட்டாலும் விரைவில் இறக்கிறான். அலகைகள் இரண்டு அணியாகப் பிரிந்து, கந்தகப் புகை மூண்ட பள்ளத்தாக்கின் இரு கரைகளிலும் நின்று, அவன் ஆன்மாவைப் பந்தாக எறிந்து பிடித்து ஆடுகின்றன. அவற்றின் நகங்களோ இரும்பினும் கூர்மையானவை. இறைவன் இரங்க, அவன் உயிர் பெற்றெழுந்து துறவியாகிப் பின்னர் மடாதிபதியும் ஆகிறான். கதையை நம்புவதும் நம்பாமையும் அவரவர் விருப்பம். ஆயினும் இரண்டு அணி, இரண்டு கரை, நடுவே ஒரு பந்து என்ற காட்சி, அதைப் படித்த மடத்துச் சகோதரர்களுக்கு நன்கு பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும். உணவுக்குப்பின் தாங்கள் ஆடியதைத்தான் அலகைகளும் ஆடுகின்றன என்று கேட்டபோது அவர்கள் நெளிந்திருப்பார்கள்.

அதிகாரத்தில் இருந்தோர் இதனை எப்போதும் விரும்பவில்லை. 1451-இல் எக்ஸிட்டர் ஆயர் எட்மண்ட் லேசி, ஆட்டரி செயின்ட் மேரி ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் குருக்களும் பொதுநிலையினரும் டென்னிஸ் ஆடுவதைக் கண்டித்துத் தடை விதித்தார். அங்கே வீண் பேச்சும் ஆணையிடுதலும் சண்டையும் நடப்பதாக அவருக்குப் புகார் வந்திருந்தது. ஆயரின் பக்கமும் நியாயம் உண்டு. குருமடத்தில் நாம் பயின்ற நாட்களில் மாலை ஆட்டத்தின்போது எழுந்த கூச்சல்கள் யாவும் அதிபர் தந்தையின் காதில் விழத்தக்கனவாய் இருந்தன என்று சொல்ல மாட்டோம்.

எனினும் திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநர் வேறொரு குரலில் பேசியிருக்கிறார். புனித அக்குவினா தோமா தம் இறையியல் சுருக்கத்தில், விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு என்று நிறுவுகிறார். விளையாட்டே அறியாத கடுகடுப்பு ஒரு குறை என்றும் சொல்கிறார். அவ்விடத்தில் அவர் எடுத்தாளும் கதை திருத்தூதர் அருளப்பரைப் பற்றியது. சீடரோடு விளையாடிக்கொண்டிருந்த அவரைக் கண்டு சிலர் இடறல்பட்டனர். வில்லேந்தி நின்ற ஒருவனை அம்பு எய்யச் சொன்னார் திருத்தூதர். பலமுறை எய்தபின், இப்படியே ஓயாது எய்ய முடியுமா என்று கேட்டார். முடியாது, வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அத்தகையதே என்றார் அவர்.

கழகத்தின் ஆண்டு, நம் பள்ளி ஆண்டு சூன் மாதத்தில் தொடங்குவதைப்போல, இங்கிலாந்தில் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்குகிறது. கோடை கழிந்து, நாள் குறுகி, மழை வலுக்கும்போது நாற்சுவருக்குள் ஆடும் ஆட்டத்திற்கு ஆள் சேரும். அப்போது கழகத்தின் பயிற்சியாளர் மேசையருகே அமர்ந்து ஊசியும் நூலுமாகப் பந்து தைத்துக்கொண்டிருப்பார். ஆம், இவ்வாட்டத்திற்கான பந்துகள் இன்றும் கையால் செய்யப்படுகின்றன. நடுவே தக்கை உருண்டை. அதன்மேல் பருத்தி நாடாவை இறுகச் சுற்றி, நூலால் கட்டி, கம்பளித் துணியால் போர்த்தித் தைக்க வேண்டும். ஓர் ஆட்டக்கூடத்திற்கு ஆறேழு டஜன் பந்துகள் வேண்டும். மேலுறை சில வாரங்களிலேயே நைந்துவிடும். பிரித்து மீண்டும் தைக்க வேண்டும். ஆதலால் ஆண்டு முழுவதும் அவர் கையிலிருந்து ஊசி இறங்குவதில்லை.

இந்தத் தையலுக்குப் பின்னே நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயி 1480-இல் பந்து செய்வோருக்கு ஆணை பிறப்பித்தார். நல்ல தோலும் நல்ல கம்பளியும் கொண்டே பந்து செய்ய வேண்டும்; மணல், சுண்ணாம்பு, தவிடு, மரத்தூள், சாம்பல், பாசி, மண் ஆகியவற்றை உள்ளே அடைக்கலாகாது என்றார். ஆணை இவ்வளவு விரிவாகத் தடுக்கிறதென்றால், இவை அனைத்தையும் அடைத்து விற்றவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது தெளிவு. மணல் நிரம்பிய பந்து நெற்றியில் பட்டால் என்னவாகும் என்பதை வாசகரே எண்ணிக்கொள்க. நாளடைவில் பந்தும் மட்டையும் செய்வோர் பிரான்சில் தனித் தொழிற்சங்கமாகவே இயங்கினர். இன்றைய கழகப் பயிற்சியாளர் அவர்களின் வாரிசு. பந்து தைப்பவர் அவர். மட்டை நரம்பு கட்டுபவர் அவர். புதியவருக்கு ஆட்டம் கற்பிப்பவரும், போட்டியின்போது நடுவே நின்று புள்ளி சொல்பவரும் அவரே. கழகத்தின் ஆண்டறிக்கையில் கோப்பை வென்றவர் பெயர் முதலில் வரலாம். ஆனால் அந்த மேசையருகே அமர்ந்திருப்பவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் கழகத்தில் ஆட்டமே இல்லை.

அக்டோபரில் போட்டிகள் தொடங்கும். இங்கேதான் நம்மை வெகுவாகக் கவர்ந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஹேண்டிகேப் எனப்படும் ஈட்டுப்புள்ளி முறை அது. ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் எண்பது, தொண்ணூறு என்ற எண்ணில் இருப்பார். தேர்ச்சி கூடக்கூட எண் குறையும். உலகின் முன்னணி வீரர்கள் பூச்சியத்திற்கும் கீழே நிற்பர். நான்கு நாடுகளுக்கும் பட்டியல் ஒன்றே. இருவர் மோதும்போது அவ்விருவர் எண்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, வலியவர் மெலியவருக்கு ஈடு கொடுக்க வேண்டும். மெலியவர் ஒவ்வொரு சுற்றிலும் 15 அல்லது 30 புள்ளியோடு தொடங்குவார். வலியவரோ சில வேளைகளில் கடனோடு தொடங்குவார். அதாவது அவர் முதலில் தம் கடனைத் தீர்த்தால்தான் பூச்சியத்தையே எட்ட முடியும். பழைய நாட்களில் இன்னும் வியப்பான ஈடுகள் இருந்தன. வலியவர் பக்கச் சுவரைப் பயன்படுத்த மாட்டேன் என்று ஒப்புவார். அல்லது எதிராளியின் பாதித் தரையில் மட்டுமே பந்தை விழச் செய்வேன் என்பார். ஒரு சுற்றுத் தொகுதியில் தாம் விரும்பிய நேரத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு புள்ளியை எதிராளியின் பையில் போட்டு வைப்பதும் உண்டு.

இதன் விளைவு என்ன? எழுபது வயதுப் பெரியவரும் இருபது வயது மாணவரும் ஒரே ஆட்டக்கூடத்தில் இறங்கி, இருவரும் வியர்வை சிந்தி, யார் வெல்வார் என்று கடைசிவரை தெரியாமல் ஆட முடிகிறது. வென்றவர் எண் குறைகிறது, தோற்றவர் எண் கூடுகிறது. அடுத்த முறை சந்திக்கும்போது தராசு மீண்டும் நேராக்கப்படுகிறது. நம் பங்குகளில் திருவிழாவையொட்டி நடைபெறும் பந்தாட்டப் போட்டிகளில், வெளியூரிலிருந்து வலிய அணியொன்று வந்து கோப்பையை அள்ளிச் செல்ல, உள்ளூர்ச் சிறுவர் முதல் நாளிலேயே வெளியேறி வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பதைப் பன்முறை கண்டு வருந்தியிருக்கிறோம். அங்கே ஈடு கொடுப்பார் யாருமில்லை.

ஆயினும் இந்தச் சமத்துவத்தைப் புகழுமுன் ஓர் உண்மையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆட்டக்கூடத்தின் கதவுக்கு உள்ளே வந்தவர்களுக்கே இந்தத் தராசு. கதவுக்கு வெளியே நின்றவர்க்கு நெடுங்காலம் அது மூடியே இருந்தது. எட்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில் 1541-இல் இயற்றப்பட்ட சட்டம், கைவினைஞரும் உழவுத் தொழிலாளரும் வேலைக்காரரும் டென்னிஸ் முதலிய ஆட்டங்களை ஆடக் கூடாது என்று விலக்கியது. அம்பெய்தும் பயிற்சி குன்றி நாட்டின் படைவலிமை தேய்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் மட்டும், அதுவும் தம் தலைவர்களின் வீட்டில் அல்லது அவர்கள் முன்னிலையில், ஏழைகள் ஆடலாம் என்றது சட்டம். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் விழாவுக்கு அந்தச் சிறு சலுகையாவது கிட்டியதே என்று நாம் ஆறுதல் கொள்ளலாமா என்று தெரியவில்லை. அந்தத் தடை 1845-இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. லெமிங்டன் கழகம் தோன்றியது அதற்கு அடுத்த ஆண்டில். சட்டம் நீங்கியதாலேயே தொழிலாளர் உள்ளே வந்துவிடவில்லை. கட்டணமும் பழக்கமும் சட்டத்தின் வேலையைச் செய்தன. இன்றும் ஓரளவு செய்கின்றன.

பெண்களின் நிலையும் இதையொத்ததே. 1427-இல் ஏனோ நாட்டிலிருந்து பாரிசுக்கு வந்த மார்கோ என்னும் இளம்பெண் முன்கையாலும் புறங்கையாலும் அடித்து ஆண்கள் பலரை வென்றாள் என்று அக்கால நாட்குறிப்பு ஒன்று வியந்து எழுதுகிறது. ஆனால் பெண்களுக்கான உலக வாகையர் போட்டி தொடங்கியது 1985-இல். இடையே உள்ள ஐந்நூற்றைம்பது ஆண்டுகளைப் பற்றி நாம் என்ன சொல்ல?

மார்கழியும் தையும் கழகங்களுக்கிடையே நடைபெறும் நட்பு ஆட்டங்களின் காலம். ஓர் ஊர்க் கழகத்தார் ஐந்தாறு பேர் இன்னோர் ஊருக்குச் செல்வர். காலையில் சில ஆட்டங்கள், நண்பகலில் விருந்து, பின்னர் எஞ்சிய ஆட்டங்கள். விருந்துக்குப் பின் ஆடுபவர் சற்றுத் தளர்ந்திருப்பதும், அதற்கு எந்தப் பட்டியலிலும் ஈடு இல்லை என்பதும் அவர்களிடையே வழங்கும் நகைச்சுவை. ஆடாதவர்கள் ஆட்டக்கூடத்தின் ஒரு முனையில், வலையிட்ட பெரிய திறப்பின் பின்னே அமர்ந்து பார்ப்பர். பந்து அந்தத் திறப்புக்குள் பாய்ந்தால் அடித்தவருக்குப் புள்ளி. பார்வையாளரின் முகத்துக்கு நேரே பந்து பாய்ந்து வந்து வலையில் மோதும். முதன்முறை பார்ப்பவர் பதறித் தலையைக் குனிவதும், பழகியவர் தேநீர்க் கோப்பையை அசைக்காமல் இருப்பதும் வழக்கம்.

ஆட்டமும் விருந்தும் ஒன்றாய்க் கலந்த இந்தப் பழக்கம் கழகங்கள் கண்டுபிடித்ததன்று. பிரான்சின் ஓசேர் பேராலயத்தில் ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவின்போது நடைபெற்ற சடங்கு ஒன்றைப் பதினான்காம் நூற்றாண்டு இறுதியிலிருந்து ஆவணங்கள் குறிக்கின்றன. பேராலயக் குருக்குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் தம் செலவில் ஒரு பந்தை வாங்கிக் குழுத்தலைவரிடம் கொடுப்பார். பந்தின் அளவைப் பற்றிக்கூட 1412-இல் விதி செய்தனர். தலைவர் அதனை இடக்கையில் ஏந்தி, உயிர்ப்பு ஞாயிறு திருப்பலியில் நாம் இன்றும் பாடும் அதே பாஸ்கா தொடர்பாடலின் தாளத்திற்கேற்ப அடியெடுத்து வைக்க, ஏனையோர் கைகோத்து ஆலயத் தரையில் வரைந்திருந்த சுழல்வழியைச் சுற்றி ஆடி வருவர். பந்து தலைவரின் கையிலிருந்து ஒருவர் ஒருவராகச் சென்று திரும்பும். ஆட்டம் முடிந்தபின் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து சிற்றுண்டியும் திராட்சை இரசமும் அருந்துவர். பின்னர் மாலைச் செபத்திற்கு மணி ஒலிக்கும்.

1471-இல் புதிதாகச் சேர்ந்த குரு ஒருவர் பந்து வாங்கித் தர மறுத்தார். இது ஆலயத்திற்குத் தகாது என்பது அவர் வாதம். பெரும் பூசல் எழுந்து, ஒருவாறு தணிந்தது. பின்னர் பதினாறாம் நூற்றாண்டில் இன்னொருவர் மறுக்க, வழக்கு பாரிசு உயர் நீதிமன்றம்வரை சென்றது. 1538-இல் சடங்கு நிறுத்தப்பட்டது. மறுத்தவர்களைக் குறை கூற நாம் துணியோம். ஆலயத்தின் தூய்மையைக் காக்கும் ஆர்வம் அவர்களை உண்டிருக்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை, தலைவரும் கடைசியாய்ச் சேர்ந்தவரும் ஒரே பந்தைக் கையில் வாங்கிய அந்த நடுப்பகல் அத்தோடு முடிந்தது என்பதை எண்ணும்போது மனம் சற்றே கனக்கிறது.

மடத்திலிருந்து வெளியேறிய ஆட்டம் அரண்மனைக்குள் புகுந்தது. மன்னர்களுக்கும் அதற்கும் உள்ள கதைகள் பல, பெரும்பாலானவை துயரமானவை. ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் பெர்த் நகரின் தோமினிக்கன் சபைத் துறவுமடத்தில் தங்கியிருந்தார். பந்துகள் விழுந்து தொலைகின்றன என்று அங்கிருந்த சாக்கடை வாயை அடைக்கச் சொன்னார். மூன்று நாள் கழித்து, 1437 பிப்ரவரியில், கொலைஞர்கள் வந்தபோது தப்பியோட அந்த வழியே இறங்கியவர், தாம் அடைத்த வாயருகே சிக்கி மாண்டார். பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் 1498-இல் அம்புவாஸ் கோட்டையில் ஆட்டம் பார்க்க விரைந்தபோது வாயிற்படி மேல்சட்டத்தில் தலை இடித்துச் சில மணி நேரத்தில் உயிர் துறந்தார். சற்று மகிழ்ச்சியான கதை முதலாம் பிரான்சுவா மன்னரைப் பற்றியது. அவரோடு சேர்ந்து ஆடிய துறவி ஒருவர் அருமையான அடி ஒன்றால் ஆட்டத்தை வென்று தந்தாராம். துறவியின் அடி என்றால் இதுவன்றோ என்று மன்னர் புகழ, அரசே, தாங்கள் மனம் வைத்தால் இது மடாதிபதியின் அடியாகும் என்றாராம் துறவி. பதவியும் கிடைத்ததாம். திருச்சபைப் பதவிகளை மன்னர்கள் வழங்கிய காலத்தின் அவலம் இந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது.

ஆட்டத்தின் நுட்பங்களுள் 'சேஸ்' என்பதை விளக்குவது எளிதன்று. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வாட்டத்தின் உயிரைச் சொல்லாததாகும். நாமறிந்த டென்னிசில் பந்து இரண்டாம் முறை தரையில் பட்டால் புள்ளி போயிற்று. இங்கே பல வேளைகளில் அப்படியில்லை. இரண்டாம் முறை பட்ட இடம் எது என்று நடுவர் தரைக்கோடுகளைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். புள்ளி யாருக்கும் இல்லை. தீர்ப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது. இரண்டு சேஸ்கள் சேர்ந்தாலோ, ஒரு சேஸ் இருக்கையில் ஒருவர் வெற்றிக்கு ஒரு புள்ளி தொலைவில் நின்றாலோ, ஆடுபவர் இருவரும் பக்கம் மாறுவர். சற்று முன் பந்தைத் தவறவிட்டவர் இப்போது அடித்தவரின் இடத்தில் நின்று, பின்சுவருக்கு அதைவிட நெருக்கமாகப் பந்தின் இரண்டாம் துள்ளல் விழும்படி அடித்துக் காட்ட வேண்டும். அடித்தால் புள்ளி அவருக்கு, தவறினால் மற்றவருக்கு, சரிக்குச் சரியாக விழுந்தால் இருவருக்கும் இல்லை. தோற்றது என்று எண்ணிய ஒன்றை, பக்கம் மாறி நின்று மீண்டும் வழக்காட இங்கே இடமுண்டு. இந்த விதிகளையெல்லாம் முதன்முதலில் நூலாக எழுதி 1555-இல் வெளியிட்டவர் அந்தோனியோ ஸ்கைனோ என்னும் இத்தாலியக் குரு. ஃபெராரா அரசவையில் ஆட்டத்தின்போது எழுந்த ஒரு தகராறே அவரை எழுதத் தூண்டியது. குருக்கள் தகராறு தீர்க்கப் போய் நூலாசிரியராவது அன்றும் உண்டு.

இவ்வாட்டக்கூடம் உலக வரலாற்றில் ஒரு நாள் மட்டும் நடுமேடையில் நின்றது. 1789 சூன் 20. வெர்சாய் நகரில் மூன்றாம் நிலைப் பிரதிநிதிகள் தம் மண்டபத்துக்குச் சென்றபோது கதவு பூட்டியிருந்தது. அருகிலிருந்த ஆட்டக்கூடத்தில் நுழைந்து, நாட்டுக்கு ஓர் அரசியலமைப்பு அமையும்வரை பிரிவதில்லை என்று உறுதிமொழி எடுத்தனர். ஒருவர் மட்டும் மறுத்தார். அவருடைய மறுப்பும் கையெழுத்தோடு பதிவாயிற்று. பங்குக்குருவாகிய நமக்கு இதில் இன்னொரு செய்தியும் மனத்தைத் தொடுகிறது. அதற்கு ஒரு வாரம் முன்னரே, சூன் 13 அன்று, புவாத்தூ பகுதியின் பங்குக்குருக்கள் மூவர் தம் நிலையைவிட்டு மூன்றாம் நிலையினரோடு வந்து அமர்ந்தனர். பேராயர்களின் அவையிலிருந்து அவர்கள் எழுந்து வந்ததற்குக் காரணம், தம் மக்களின் அடுப்பு எரிவதையும் எரியாமையையும் அவர்கள் அறிந்திருந்தமையே. சில ஆண்டுகளில் அதே புரட்சி குருக்களை நாடு கடத்தியதையும் கொன்றதையும் நாம் மறக்கவில்லை. அந்நாளைய நன்மையை அதன்பொருட்டு மறைக்கவும் விரும்பவில்லை.

புரட்சிக்குப்பின் பிரான்சில் ஆட்டக்கூடங்கள் கிடங்குகளாயின. பல ஏற்கெனவே நாடக அரங்குகளாய் மாறியிருந்தன. ஒரு காலத்தில் பாரிசில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டவை இருந்ததாகச் சொல்லப்படும் அந்நாட்டில் இன்று இருப்பவை விரல்விட்டு எண்ணத் தக்கவையே. ஆட்டம் கடல் கடந்து பிழைத்தது. 1875-இல் ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவாகிய தாஸ்மேனியாவில், ஹோபார்ட் நகரில் ஒரு கூடம் எழுந்தது. உலக வாகைப் பட்டத்தை 1994 முதல் 2016 வரை தொடர்ந்து தாங்கிய ராபர்ட் ஃபாகி ஹோபார்ட்டில் ஆடி வளர்ந்தவர். 2016-இல் அமெரிக்கரான கேம்டன் ரிவியரிடம் பட்டத்தை இழந்த அவர், 2018-இல், தம் ஐம்பதாம் வயதில், அதை மீட்டார். பட்டப் போட்டி மூன்று நாள்கள் நடைபெறும். ஏழு தொகுதிகளை முதலில் வெல்பவரே வாகையர். ஐம்பது வயதில் மூன்று நாள் ஓடுவதை, ஐம்பதைக் கடந்து பீடப்படிகளில் ஏறவே மூச்சு வாங்கும் நாம் வியப்போடுதான் எண்ணுகிறோம்.

பங்குனி, சித்திரையில் கழகங்களில் இறுதிப் போட்டிகள், பரிசளிப்பு, ஆண்டு விருந்து. அதன்பின் கோடை வந்து கூடங்கள் மெல்ல அமைதியாகும். அப்போது விழித்தெழுவது ஸ்காட்லாந்தின் ஃபால்க்லண்டு அரண்மனைக் கூடம். 1539-இல் ஐந்தாம் ஜேம்ஸ் மன்னருக்காகக் கட்டப்பட்ட அது, இன்றும் ஆடப்படும் கூடங்களுள் மிகப் பழையது. அதற்கு மேற்கூரை இல்லை. ஆதலால் நல்ல வெயில் இருந்தால்தான் ஆட்டம். நான்காம் சுவரில் முட்டும் இல்லை. வேறு எங்கும் காணாதபடி, ஒரு முனைச் சுவரின் உயரத்தில் நான்கு சிறு துளைகள் உண்டு. கத்தோலிக்க அரசி மேரி ஸ்டூவர்ட் இங்கே ஆடியதாகச் செவிவழிச் செய்தி சொல்கிறது. மழைத்துளி விழுந்தால் ஆடுவோர் பந்துகளை அள்ளிக்கொண்டு சாய்கூரையின்கீழ் ஒதுங்குவர். நனைந்த பந்து துள்ளாது. அது காயும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆகஸ்டு கழியும். லெமிங்டன் போன்ற கழகங்களில் உறுப்பினர் கூட்டம் கூடிக் கணக்குப் பார்ப்பர். கம்பளித் துணியின் விலை ஏறிவிட்டது என்று பொருளாளர் முறையிடுவார். சுவரில் தொங்கும் பட்டியலில் புதிய எண்கள் ஏறும். பயிற்சியாளர் கூடை நிறையக் கிடக்கும் பழைய பந்துகளை எடுத்து, தையலைக் கத்தரித்து, நைந்த உறையை உரித்து, உள்ளே இருக்கும் உருண்டை இன்னும் கெட்டியாக இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்ப்பார். கெட்டியானவற்றை ஒரு புறம் ஒதுக்கி, ஊசியில் நூல் கோப்பார்.